ஸ்கூல் பின்சுவர், ஒரு மளிகைக் கடை, 15 நாள் சீல்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ஃபைலிங், உணவுப் பாதுகாப்பு பதிவு, நகராட்சி லைசென்ஸ் ரினியூவல் இதெல்லாம் பண்ணிக் குடுக்கறவன். இங்க எழுதறது 2024-ல நான் கூடவே இருந்து பாத்த ஒரு விஷயம். சம்பந்தப்பட்ட அக்கா கிட்ட கேட்டு, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதறேன். ஆள் பேரு, ஊர் பேரு போடல. கொங்கு பக்கம் ஒரு நகராட்சி ஊர், அவ்வளவு தெரிஞ்சா போதும்.

இத எதுக்கு இவ்வளவு விரிவா எழுதறேன்னா, புகையிலை விஷயத்துல சட்டம் ஒன்னு இல்ல, நாலு இருக்கு: உணவுப் பாதுகாப்பு, புகையிலைச் சட்டம், ஜிஎஸ்டி, சிறார் நீதி. நாலையும் நாலு டிபார்ட்மென்ட் பாக்குது. ஆனா நாலும் வந்து இறங்கற இடம் ஒரே கல்லாப்பெட்டிதான். அந்த கல்லாவுல யாரு உக்காந்திருக்காங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கே அன்னிக்குதான் உறைச்சுது.

பின்னணி

அக்காவுக்கு 50 வயசு இருக்கும். வீட்டுக்காரர் 2021-ல கொரோனா ரெண்டாவது அலைல போயிட்டாரு. அதுக்கப்புறம் கடைய அவங்கதான் பாத்துக்கறாங்க. பத்துக்கு பன்னெண்டு அடி கடை, அரிசி பருப்பு, பால், தோசை மாவு, நோட்டு பேனா, மிட்டாய், பீடி சிகரெட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல அவங்க கரண்ட் பில்லு, சந்தை, கோயில்னு வெளிய போக வேண்டி இருந்தா, அண்ணன் பையன் வந்து கடைல உக்காருவான். பிளஸ் டூ படிக்கறான். அப்போ அவனுக்கு 17 வயசு. இந்த நம்பர மனசுல வெச்சுக்கங்க.

கைல இருந்த பேப்பர் என்னன்னா, உணவுப் பாதுகாப்பு பதிவு ஒன்னு, 14 இலக்க நம்பரோட (வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள விற்பனை இருந்த சின்ன கடைக்கு அப்போ வருஷம் 100 ரூபாதான் ஃபீஸு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்), நகராட்சி தொழில் உரிமம் ஒன்னு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, புகையிலை விக்கற கடைக்கு 20 லட்சத்துக்கு கீழ விற்பனை இருந்தா வேண்டியதில்ல. புகையிலை விக்கறதுக்குன்னு தனியா ஒரு லைசென்ஸ் அவங்க கிட்ட இல்ல, இத்தன வருஷத்துல யாரும் கேட்டதும் இல்ல. மத்திய சுகாதாரத் துறை 2017 செப்டம்பர்லயே எல்லா மாநிலத்துக்கும் லெட்டர் போட்டுது, புகையிலை விக்கற கடைக்கு உள்ளாட்சி மூலமா தனி அனுமதி குடுங்க, அந்த மாதிரி கடைல மிட்டாய் சிப்ஸ் பிஸ்கட்டுன்னு குழந்தைங்க வாங்கற சாமான் விக்க விடாதீங்கன்னு. அக்கா கடைல மிட்டாய் பாட்டிலுக்கு பக்கத்து பாட்டில்ல சில்லறை சிகரெட்டு இருந்துச்சு.

சரக்கு ரெண்டு வழில வந்துச்சு. ஏஜென்சி வண்டி வாரம் ஒருக்கா வரும், பில்லோட பீடி சிகரெட்டு போடும். 2023 மே மாசத்துலேந்து ஒரு ஆள் டூவீலர்ல வர ஆரம்பிச்சான், வண்டி முன்னாடி ஒரு ரெக்ஸின் பை. பில்லு கிடையாது. அவன் கிட்ட ரெண்டு ஐட்டம், ஒன்னு வெளிநாட்டுப் பேரு போட்ட சிகரெட்டு பாக்கெட்டு, இன்னொன்னு இங்க தடை செஞ்ச மெல்லற புகையிலை பொட்டலம். "வேண்டாம்னு ரெண்டு வாட்டி சொன்னேன் தம்பி, மூணாவது வாட்டி பால்காரனுக்கு பாக்கி குடுக்கணும், சரி வெச்சுட்டு போன்னு சொல்லிட்டேன்"னு அக்கா பின்னாடி எங்கிட்ட சொன்னாங்க. அந்த மூணாவது வாட்டிதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

வரி எது வரைக்கும் கண்ணுக்குத் தெரியும்

இத சொல்லாம நடந்தது புரியாது. கம்பெனி, டீலரு, ஏஜென்சி வரைக்கும் ஒவ்வொரு கைமாத்தமும் ஜிஎஸ்டி கணக்குல தெரியும். சின்ன கடைக்கு வந்தவொடன அந்தக் கயிறு அறுந்துருது, ஏன்னா கடைக்காரர் ரிட்டர்ன் போடறவர் இல்ல. அதனால பில்லோட வந்த பாக்கெட்டும் பில்லில்லாம வந்த பாக்கெட்டும் ஒரே அலமாரில பக்கத்துல பக்கத்துல இருந்தா கம்ப்யூட்டர்ல எதுவும் தெரியாது, யாராவது கடைக்குள்ள நேர்ல வந்து பாத்தாத்தான் உண்டு.

அந்த வெளிநாட்டு சிகரெட்டு ஒன்ன நான் பின்னாடி அளந்து பாத்தேன், அண்ணன் பையனோட ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல வெச்சு. 84 மில்லிமீட்டர். அப்போ இருந்த ரேட்டுல 75 மில்லிமீட்டருக்கு மேல நீளமான ஃபில்டர் சிகரெட்டுக்கு இழப்பீட்டு செஸ்ஸு (ஜிஎஸ்டியோட சேத்து வாங்கின கூடுதல் வரி) மட்டும் ஆயிரம் குச்சிக்கு 4,170 ரூபா, அதுக்கு மேல மதிப்புல 36 சதவீதம், அதுக்கும் மேல ஜிஎஸ்டி 28 சதவீதம். 20 குச்சி பாக்கெட்டுக்கு அந்த 4,170 கணக்கு மட்டுமே 83 ரூபா 40 காசு வருது. டூவீலர்காரன் அக்காவுக்கு பாக்கெட்டு 70 ரூபாய்க்கு போட்டிருக்கான். செஸ்ஸோட ஒரு பாகமே 83 ரூபா, மொத்த பாக்கெட்டே 70 ரூபான்னா அதுல வரி கட்டிருக்க வாய்ப்பே இல்ல, இத பேப்பர்ல எழுதிக் காமிச்சப்போ அக்கா ரொம்ப நேரம் எதுவும் பேசல. "மலிவா குடுக்கறான்னு நெனச்சேன், திருட்டுன்னு நெனக்கலயே"ன்னாங்க.

(2026 பிப்ரவரிலேந்து இந்த ரேட்டெல்லாம் மாறிடுச்சு, செஸ்ஸு போயி 40 சதவீத ஜிஎஸ்டியும் தனியா கலால் வரியும் வந்துருச்சு. ஆனா இதே கணக்க இப்பவும் போட்டுப் பாக்கலாம், நீளத்த அளந்தா வரி எவ்வளவுன்னு தெரிஞ்சுரும்.)

ஆய்வு நடந்த சாயங்காலம்

2024 ஜூலை, ஒரு புதன்கிழமை, நாலே கால் மணி இருக்கும். ஸ்கூல் விட்ட நேரம். அக்கா கடைல இல்ல, பையன் மட்டும் இருந்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மேடம் ஒருத்தங்க, சப் இன்ஸ்பெக்டர் ஒருத்தர், நகராட்சி ஆள் ஒருத்தர், கூட ரெண்டு கான்ஸ்டபிள். நான் அரை மணி நேரம் கழிச்சுதான் போய் சேந்தேன், அதுக்கு முன்னாடி நடந்தத பையன் சொன்னதையும் மகஜர்ல (சோதனைல என்ன கெடச்சுதுன்னு அங்கயே எழுதி கையெழுத்து வாங்கற பேப்பர்) எழுதினதையும் வெச்சு எழுதறேன்.

அவங்க பாத்தது இது. கல்லாவுக்கு கீழ பழைய பிஸ்கட் தகர டப்பா ஒன்னு, மேல மெழுகுவர்த்தி தீப்பெட்டி அடுக்கி, அதுக்கு கீழ நியூஸ்பேப்பர், அந்த பேப்பருக்கு கீழ 34 பொட்டலம். அலமாரி மேல்தட்டுல அந்த வெளிநாட்டு சிகரெட்டு 11 பாக்கெட்டு, எதுலயும் 85 சதவீத எச்சரிக்கைப் படம் இல்ல, 2016 ஏப்ரல்லேந்து பாக்கெட்டோட ரெண்டு பக்கமும் அந்தப் படம் இல்லாம விக்கக் கூடாது. சில்லறை சிகரெட்டு போட்ட பாட்டிலு. 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு விக்கறது குற்றம்னு 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் போர்டு வெக்கணும், அது இல்ல. கடைசியா மேடம் பையன பாத்து "உனக்கு என்ன வயசுப்பா"ன்னு கேட்டிருக்காங்க.

18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு விக்கக் கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும். 18 வயசுக்கு கீழ உள்ளவங்க விக்கவும் கூடாது, கைல எடுத்துக் குடுக்கவும் கூடாது, அவங்க கைக்கு எட்டற மாதிரி வெக்கவும் கூடாதுன்னு அதே விதில இருக்கறது கடைக்காரங்கள்ல நிறைய பேருக்குத் தெரியாது. நான் கூட யாருக்கும் எடுத்துச் சொன்னதில்ல.

நான் போனப்போ பையன் ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு கையையும் தொடைக்கு கீழ வெச்சு அழுத்திட்டு இருந்தான், கை நடுங்கறத யாரும் பாக்கக் கூடாதுன்னு. ஸ்கூல் யூனிபார்ம் பேன்ட்டு கூட மாத்தல. அக்கா ஓடி வந்தவங்க மொதல்ல அதிகாரிய பாக்கல, அவன பாத்து "ஏஞ்சாமி, தண்ணி குடிச்சியா"ன்னுதான் கேட்டாங்க.

அங்கயே எடுத்த முடிவுகள்

மேடம் ரொம்ப நிதானமா பேசினாங்க, அத சொல்லியே ஆகணும். பொட்டலத்துக்கு உணவுப் பாதுகாப்பு சட்டம், சிகரெட்டுக்கு 2003-ஆம் வருஷ புகையிலைச் சட்டம், ரெண்டும் தனித்தனின்னு எங்களுக்கு புரியற மாதிரி சொன்னாங்க. பொட்டலத்துக்கு முதல் முறைன்னா 25,000 ரூபா அபராதம், 15 நாள் கடை மூடல். ரெண்டாவது முறை 50,000, 30 நாள். மூணாவது முறை ஒரு லட்சம், 90 நாள். எச்சரிக்கைப் படம் இல்லாத சிகரெட்ட எஸ்ஐ தனியா பறிமுதல் பண்ணி வழக்கு எழுதினாரு.

மொத முடிவு, வேற எங்கயாவது சரக்கு இருக்கான்னு கேட்டப்போ என்ன சொல்றதுன்னு. வீட்டுல ஒரு பிரிச்ச சிகரெட்டு பாக்கெட்டும் ஏழு பொட்டலமும் இருந்துச்சு. அக்கா என் முகத்த பாத்தாங்க. நான் "சொல்லிடுங்கக்கா"ன்னேன். காரணம், கடைய மூடி சீல் வெச்சதுக்கு அப்புறம் வீட்டுல இருக்கறது வெளிய தெரிஞ்சா அது ரெண்டாவது முறைன்னு எண்ணிக்கைல ஏறிடும்ங்கற பயம் எனக்கு. பொட்டலத்த அன்னிக்கே குடுத்தோம், பாக்கெட்டு மறுநாள்தான் பீரோ மேலேந்து கெடச்சுது, அத ஸ்டேஷன்ல ஒப்படைக்கறதுக்கு முன்னாடிதான் நான் அளந்து பாத்தேன்.

ரெண்டாவது, மகஜர்ல விக்கறவர்னு யாரு பேரு எழுதறதுங்கறது. கல்லாவுல இருந்தது பையன். அக்கா ஒரே பிடிவாதமா "கடை எம் பேருல, சரக்கு நான் வாங்கினது, அவன் நான் சொன்ன எடத்துல உக்காந்தான், எம் பேர எழுதுங்க"ன்னு நின்னாங்க. அது நடந்த உண்மையும் கூட. பையன் சம்பளத்துக்கு இருந்தவனோ சரக்கு வாங்கினவனோ இல்ல. எஸ்ஐ கொஞ்ச நேரம் யோசிச்சு அக்கா பேரத்தான் எழுதினாரு. சின்னவன நிறுத்திட்டுப் போனதுக்கு அவங்க மேல தனியா ஒரு வரி ஏறுச்சு, அதையும் படிச்சுட்டு கையெழுத்து போட்டாங்க.

மூணாவது சின்ன விஷயம், ஆனா இத நிறைய பேரு மறந்துடறாங்க. சீல் வெக்கறதுக்கு முன்னாடி கெட்டுப் போற சாமான வெளிய எடுக்க அனுமதி கேளுங்க. நாங்க கேட்டோம், விட்டாங்க. பாலு, மாவு, தயிரு எடுத்தோம். முட்டை ஆறு அட்டை உள்ளயே மாட்டிக்கிச்சு, யாருக்கும் ஞாபகம் வரல. ஷட்டர இறக்கி, பூட்டு மேல துணி சுத்தி அரக்கு வெச்சு, நோட்டீஸ் ஒட்டினப்போ தெருவே நின்னு பாத்துச்சு. அக்கா தலைய குனியல.

எதுத்துப் போறதா, கட்டறதா

அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா வீட்டுல உக்காந்தோம். அவங்க அண்ணன் வந்திருந்தாரு, ரொம்ப கோவம். யாரோ அவருக்கு போன்ல சொல்லிருக்காங்க, தடையே செல்லாதுன்னு ஹைகோர்ட் சொல்லிருச்சு, கேஸ் போடுங்கன்னு.

பாதி உண்மை அது. தமிழ்நாட்டுல குட்கா, பான் மசாலா, நிக்கோட்டின் கலந்து மெல்லற ஐட்டத்துக்கெல்லாம் 2013 மே மாசம் தடை வந்துச்சு. உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒரு நேரத்துல ஒரு வருஷத்துக்குத்தான் தடை போட முடியும், அதனால வருஷா வருஷம் மே மாசம் புதுப்பிச்சுட்டே வராங்க. இப்படி ஒவ்வொரு வருஷமா நீட்டி நிரந்தரத் தடை மாதிரி ஆக்க ஆணையருக்கு அதிகாரம் இல்லன்னு சென்னை ஹைகோர்ட் 2023 ஜனவரில தடைய ரத்து பண்ணுச்சு. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, ஏப்ரல்லயே அந்தத் தீர்ப்புக்கு ஸ்டே கெடச்சுருச்சு. அதாவது அக்கா கடைக்கு ஆளுங்க வந்த அன்னிக்கு தடை முழுசா அமல்ல இருந்துச்சு.

இத அவருக்கு புரிய வெக்க ஒரு மணி நேரம் ஆச்சு. கோர்ட்டுக்கு போனா வக்கீல் ஃபீஸு, அலைச்சல், அதுக்குள்ள 15 நாளும் முடிஞ்சே போயிரும். ஆனா நான் அழுத்திச் சொன்னது வேற காரணம். சரக்கு இருந்தது நிஜம், ஒளிச்சு வெச்சதும் நிஜம். இல்லாதத இருக்குன்னு எழுதிருந்தா எதுத்துப் போறதுல நியாயம் இருக்கு, இங்க அப்படி எதுவும் இல்ல. அக்கா கடைசில "கட்டிடலாம்ண்ணா, எனக்கு இத மனசுல வெச்சுட்டு தூங்க முடியாது"ன்னாங்க. மகளிர் குழுல கடன் வாங்கி அந்த வாரமே 25,000 கட்டினோம், ரசீத லேமினேட் பண்ணி ஃபைல்ல வெச்சேன்.

டூவீலர்காரன் விஷயம்தான் கஷ்டமா இருந்துச்சு. எங்கேந்து வாங்கினீங்கன்னு கேட்டப்போ அக்காவுக்கு பயம், தனியா இருக்கற பொம்பளை, நாளைக்கு எவனாவது வந்து சத்தம் போட்டா? கடைசில போன் நம்பர், வர்ற நாள், வண்டி கலரு மூணையும் எழுத்துல குடுத்தோம். பேரு எங்களுக்கே தெரியாது, 14 மாசம் வாங்கிருக்காங்க, பேரு தெரியாது! அந்த நம்பர் ரெண்டே நாள்ல ஸ்விட்ச் ஆஃப். அவன் எங்க சரக்கு எடுத்தான், பிடிச்சாங்களா இல்லையாங்கறது இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இந்த வகை மெல்லற புகையிலை கர்நாடகாவுல இங்க மாதிரி தடை இல்லாம விக்குது, எல்லை தாண்டினா சரக்கு கெடைக்கும், அதனால நடுவுல ஒருத்தன் போனா இன்னொருத்தன் வந்துருவான். ரெண்டு மாசம் கழிச்சு வேற வண்டில வேற ஆள் நிஜமாவே வந்தான்.

சீல் இருந்த நாட்கள்ல தெரிய வந்தது

ரெண்டு விஷயம். ரெண்டும் கடை திறந்திருந்தா தெரிஞ்சிருக்காது.

மொதல்ல தூரம். பள்ளிக்கூடத்துலேந்து 100 கெஜத்துக்குள்ள, அதாவது 91 மீட்டர் சொச்சத்துக்குள்ள, எந்தப் புகையிலையும் விக்கக் கூடாது, வரி கட்டின பில்லு போட்ட சிகரெட்டா இருந்தாலும் சரி. 2022-ல அக்கா எங்கிட்ட கேட்டிருக்காங்க, நம்ம கடை அந்தக் கணக்குல வருமான்னு. நான் ஸ்கூல் கேட்டுலேந்து ரோட்டு வழியா பைக்ல மீட்டர் பாத்து 200 மீட்டருக்கு மேல இருக்கு, பிரச்சினை இல்லக்கான்னு சொன்னேன். தப்பு. விதிப்படி அளக்க வேண்டியது கேட்டுலேந்து இல்ல, ரோட்டு வழியாவும் இல்ல. காம்பவுண்ட் சுவரோட வெளி விளிம்புலேந்து சுத்தி எல்லாப் பக்கமும் நேர்கோட்டுல அளக்கணும். ஸ்கூலோட பின்சுவரு அக்கா கடை தெருவுக்கு அடுத்த சந்துலயே முடியுது. மேப்புல நேர்கோடு போட்டுப் பாத்தேன், 64 மீட்டர். என்னோட வேலையே இதுதான், அதுல நான் சொன்ன தப்பு அவங்கள ரெண்டு வருஷம் சட்டத்துக்கு வெளிய நிறுத்திருக்கு. அத அவங்க கிட்ட போய் நேரா சொன்னேன். திட்டல. "அப்போ பீடி கூட வெக்கக் கூடாதா"ன்னு மட்டும் கேட்டாங்க.

இங்க ஒன்னு சொல்லணும். 100 கெஜத்த மீறினா அதிகபட்ச அபராதம் 200 ரூபா. பொட்டலத்துக்கு 25,000. 200 ரூபாய்ங்கறதால கடைக்காரங்க அந்த விதிய ஒரு விதியாவே எடுத்துக்கறதில்ல, என்ன மாதிரி ஆளுங்களும் சரியா அளக்கறதில்ல. ஆனா பசங்கள காப்பாத்தறதுக்குன்னே போட்ட விதி அதுதான்.

ரெண்டாவது, பையன் பேசினது. அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, என்னோட ஆபீஸுக்கு தனியா வந்தான். வந்து உக்காந்து ரொம்ப நேரம் பேனா மூடிய திருகிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான், சாயங்காலம் ஒன்பதாவது பத்தாவது பசங்க வருவாங்களாம், "அண்ணே ஒன்னு குடுண்ணே"ன்னு. மொதல்ல இல்லன்னு சொல்லிருக்கான். அப்புறம் ஒரே கிரவுண்டுல விளையாடற பசங்க, கேலி பண்ணுவாங்கன்னு குடுத்திருக்கான். எத்தன பேருக்குன்னு கேட்டேன். நாலு பேரு, அதுல ரெண்டு பேரு தினம். "அத்தைக்கு தெரியாதுங்கண்ணா"ன்னு சொல்லும்போது அழுதுட்டான்.

சின்னப் பசங்களுக்கு புகையிலை குடுத்தா சிறார் நீதிச் சட்டத்துல ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். இத நான் அவனுக்கு அப்போ சொல்லல. அன்னிக்கு அவனுக்கு தேவைப்பட்டது அது இல்லன்னு தோணுச்சு. அத்தை கிட்ட நீயே சொல்லு, நான் கூட வரேன்னு மட்டும் சொன்னேன். போனோம், சொன்னான். அக்கா அவன அடிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல, உள்ள போயி கொஞ்ச நேரம் கழிச்சு வந்து அந்த நாலு பசங்க யாரு வீடுன்னு கேட்டாங்க. அதுல ரெண்டு பேரோட அம்மாக்கள தனியா போய் பாத்துப் பேசிட்டு வந்தாங்க. ஒருத்தங்க கதவ சாத்திட்டாங்க. இன்னொருத்தங்க பையன கூட்டிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போனாங்க, பல் டாக்டர் உதட்டுக்கு உள்பக்கம் வெள்ளையா தடிச்சிருக்கறத காமிச்சிருக்காரு.

கடை திறந்ததுக்கு அப்புறம்

15 நாள் முடிஞ்சு, இனி விக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்து, மேடம் மறுபடி வந்து பாத்துட்டு சீல பிரிச்சாங்க. உள்ள முட்டை நாத்தம் தெருமுனை வரைக்கும்.

கணக்கு போட்டுப் பாத்தோம். அபராதம் 25,000, மூடின நாள்ல போன லாபம் ஏறக்குறைய 18,000, கெட்டுப் போனது 3,100. மொத்தம் 46,100. டூவீலர் சரக்குல மாசத்துக்கு வந்த லாபம் 4,800-தான். கிட்டத்தட்ட பத்து மாச லாபம் போயிருச்சு. சிகரெட்டு வழக்குல சில மாசம் கழிச்சு கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினாங்க, மொத தடவைக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலோ 1,000 ரூபா வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ போடலாம்னு சட்டத்துல இருக்கு, அபராதத்தோட முடிஞ்சுது. தொகை சின்னது, ஆனா அன்னிக்கு காலைல பத்து மணிலேந்து மூணு மணி வரைக்கும் அந்த வராண்டால நின்னது அவங்களுக்கு பெருசு.

அளந்து பாத்ததுக்கு அப்புறம் பில்லு சரக்கையும் நிறுத்திட்டாங்க, பீடி உட்பட. மொத ரெண்டு மாசம் விற்பனை நல்லா அடி வாங்குச்சு, ஏன்னா சிகரெட்டு வாங்க வர்றவரு கூட ஒரு பால் பாக்கெட்டு, ஒரு ரீசார்ஜுன்னு வாங்கிட்டுப் போவாரு, அந்த ஆளுங்க முக்குக் கடைக்கு மாறிட்டாங்க. அந்த முக்குக் கடையும் அதே பின்சுவர்லேந்து 80 மீட்டருக்குள்ளதான் வருது, அது அக்காவுக்கு வலிச்சுது, எனக்கும்தான். மாவு அரைச்சு விக்கறத அதிகமாக்கினாங்க, காலைல இடியாப்பம் போட ஆரம்பிச்சாங்க. 2025 மார்ச்ல பாத்தப்போ மாச லாபம் பழைய அளவுல முக்கால் பாகத்துக்கு வந்திருந்துச்சு. முழுசா வரல.

புதுசா வந்த டூவீலர்காரன் கிட்ட அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம், "பில்லு தருவியா கண்ணு?" அவன் திரும்பிப் பாக்காம போயிட்டான்.

திரும்ப இப்படி ஒன்னு வந்தா நான் மாத்தறது

இப்போ நான் உணவுப் பாதுகாப்பு பதிவு எடுத்துக் குடுக்கற ஒவ்வொரு கடைக்கும் மொத நாளே மேப்புல ஸ்கூல் காலேஜ் சுவர்லேந்து நேர்கோடு போட்டு, பிரின்ட் எடுத்து குடுத்துடறேன். உள்ள வந்தா புகையிலையே வேண்டாம்னு எழுதியும் குடுக்கறேன். சாயங்காலம் கல்லாவுல யாரு உக்காருவாங்கன்னு கேக்கறேன், இத கேட்டா சிலருக்கு கோவம் வருது, பரவால்ல. பில்லில்லாத சரக்குக்கு ஒரே பரிசோதனை சொல்லிக் குடுக்கறேன், பாக்கெட்ட திருப்பி எச்சரிக்கைப் படத்த பாருங்க, வரிய கணக்கு போடுங்க, விலை வரிக்கு கீழ இருந்தா தொடாதீங்க.

அரசு பக்கம் மாறணும்னு நான் நெனக்கறது ஒன்னே ஒன்னு, புகையிலை விக்கறதுக்குன்னு தனி லைசென்ஸ். கடைக்காரங்க நிறைய பேரு இத இன்னொரு தொல்லையா பாக்கறாங்க, சங்கக் கூட்டத்துல நான் பேசினப்போ சத்தம் போட்டாங்க. ஆனா அக்கா 2022-ல அப்படி ஒரு லைசென்ஸுக்கு அப்ளை பண்ணிருந்தா, ஒரு அதிகாரி டேப்போட வந்து அளந்து, உங்க கடைக்கு கிடையாதும்மான்னு அன்னிக்கே சொல்லிருப்பாரு. முக்குக் கடைக்கும் அதையே சொல்லிருப்பாரு. அரிசி பருப்பு விக்கற பதிவ வெச்சு பொட்டலத்துக்காக கடைய மூட வேண்டிய நெலமையே வந்திருக்காது.

பையன் இப்போ கோயம்புத்தூர்ல டிப்ளமோ படிக்கறான். லீவுல வந்தா கடைல உக்காருவான், மிட்டாய் பாட்டிலுக்கு பக்கத்துல இருந்த அந்த சிகரெட்டு பாட்டில்ல இப்போ கடலை மிட்டாய் இருக்கு. அந்த நாலு பசங்கள்ல ஒருத்தன் இன்னும் முக்குக் கடைக்குத்தான் போறான். போன மாசம் அக்கா அவன கூப்பிட்டு உக்கார வெச்சு இடியாப்பம் குடுத்தாங்க, எதுவும் கேக்கலன்னாங்க.